போர்வைக்கு எந்தத் தையல்?



ஒரு துணியின் மேல் வேறொரு துணித்துண்டை வைத்துத் தைத்து, பூவாகவோ கொடியாகவோ கட்டமாகவோ அமைப்பதை அப்ளிக் வேலை என்கிறோம். வரிப்பத்தான்சேனையில் எமது தையல் வகுப்புப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு போர்வை தைக்கத் தீர்மானித்தபோது, துண்டுகளை எந்தத் தையலால் பொருத்துவது என்ற கேள்வி எழுந்தது. பார்வைக்கு இது சின்னக் கேள்வி. ஆனால் தைப்பவளின் கண்பார்வை, அவளுக்குக் கிடைக்கும் நேரம், கைக்கு வரும் கூலி, அவள் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துணி எல்லாம் இதற்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே நான்கு முறைகளையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

மடித்துத் தைத்தல்

உருவத்தைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, அந்த ஓரத்தை உள்ளே மடித்து, நூல் வெளியே தெரியாதபடி கையால் தைப்பது இது. வளைவான இடங்களில் கோட்டுக்குச் சற்று முன்பு வரை சிறு வெட்டுகள் போட்டால்தான் மடிப்பு படியும். வெட்டிய ஓரம் உள்ளே மறைவதால் பல தடவை கழுவினாலும் நூல் பிரியாது. பார்வைக்கும் மிக அழகு. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், கூர்மையான கண்பார்வையும் வேண்டும். பிள்ளைகள் உறங்கிய பின் மங்கிய வெளிச்சத்தில் தைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

ஓரம் சுற்றித் தைத்தல்

கம்பளிகளின் ஓரத்தில் காணும் பிளாங்கெட் தையலால் துண்டின் ஓரத்தை வளைத்துப் பிடிப்பது இரண்டாவது முறை. புதிதாகப் பழகுபவர்களுக்கும் இலகு. ஆனால் நெருக்கமாக நெய்த துணிக்கே இது பொருந்தும். எமக்குத் தாராளமாகக் கிடைக்கும் மருதமுனைக் கைத்தறித் துணி இழை பிரியக்கூடியது. மடிக்காமல் தைத்தால் சில தடவை கழுவியதுமே ஓரம் நைந்துவிடும்.

இதே வகைக் கைத்தையலால் உலகத்தின் கவனத்தை ஈர்த்த பெண்கள் உண்டு. 1973 செப்டெம்பர் 11 இல் சிலி நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கணவனையும் பிள்ளைகளையும் பிடித்துச் சென்ற பின் தகவலே கிடைக்காத பெண்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் ஒன்றுகூடி, சாக்குத் துணியில் துணித்துண்டுகளைத் தைத்துத் தமது கதையைப் படமாக்கினார்கள். அவற்றுக்கு ‘அர்ப்பியேரா’ என்று பெயர். அந்தச் சொல்லின் பொருளே சாக்குத் துணிதான். சிலர் காணாமற்போனவரின் உடுப்பிலேயே துண்டு வெட்டிச் சேர்த்தார்கள். அவை வெளிநாடுகளில் விற்கப்பட்டு வீட்டுக்குப் பணம் வந்தது. நாட்டுக்குள் பேச முடியாத செய்தியும் வெளியே போனது. அவை சுவரில் தொங்கும் படங்கள், அடிக்கடி கழுவப்படுபவை அல்ல. அதனால் அவற்றுக்கு இந்தத் தையல் போதுமாக இருந்தது.

மெஷின் தையல்

விரைவாக முடியும். கடைக்காரர்கள் விரும்புவதும் பெரும்பாலும் இதைத்தான். ஆனால் ஓரத்தை நெருக்கமாக மூடும் சிக்சாக் தையலை, எமது வீடுகளில் உள்ள சாதாரண கால்மிதி மெஷினால் தைக்க முடியாது. அது நேர்த்தையல் மட்டுமே போடும். அப்படியான மெஷின் உள்ளவர்கள் ஓரத்தை மடித்து அயன் பண்ணி, விளிம்பை ஒட்டி நேர்த்தையல் போடலாம். இதற்குப் பூக்களை விடக் கட்டங்களும் முக்கோணங்களும் உகந்தவை.

ஓடுதையல்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி எனப்படும் மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. மூன்று சமயப் பெண்களும் ‘கவந்தி’ என்ற போர்வையைத் தைக்கிறார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் மடித்த துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து ஓடுதையல் போட்டபடி சுற்றிச் சுற்றி நடுவை வந்தடைவார்கள். துண்டைப் பொருத்துவதும் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். மெஷினும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்.

இந்த முறையை விளக்கியபோது, அதுவரை பேசாதிருந்த ஒரு ராத்தா வாய் திறந்தார். அவருடைய கணவர் யுத்த காலத்தில் வயலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவருடைய சாறன் ஒன்றை ராத்தா இன்னும் வைத்திருக்கிறார். “இதுல கத்தரி படக்கூடாது மிஸ். வெட்டினா மௌத்தாப் போனார் எண்டு நானே முடிவு கட்டின மாதிரி” என்றார்.

வகுப்பில் இருந்தவர்களே அதற்கு வழி சொன்னார்கள். சாறனை வெட்டாமல், மூட்டியபடியே விரித்து உள் அடுக்காக வைத்து, மேலே வேறு துண்டுகளைப் போட்டு ஓடுதையலால் பிடித்துக்கொள்ளலாம். ஓடுதையலின் நூலை இழுத்தால் துணி சேதமின்றிப் பிரிந்து வரும். “அவர் வந்தா பிரிச்சுக் குடுக்கலாம்” என்று ராத்தா அந்த முறையைத் தெரிவு செய்தார்.

சிலிப் பெண்கள் வெட்டினார்கள், ராத்தா வெட்டவில்லை. இரண்டையும் நான் மதிக்கிறேன். நினைவுத் துணியை என்ன செய்வது என்பதை அதன் உரிமைக்காரியே தீர்மானிக்க வேண்டும். வகுப்பு நடத்துபவரோ, துணி வாங்க வருபவரோ அதில் தலையிடக்கூடாது.

தொடங்கும் முன்

ஆறு யார்ச் சேலையை மூன்றாக மடித்தால் ஏறத்தாழ ஆறடி நீளமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட மூன்று அடுக்குத் துணி கிடைக்கும். எமது வெக்கைக்கும் மாரிகாலக் குளிருக்கும் அது போதும், பஞ்சு தேவையில்லை. புதுத் துணியாயின் முதலில் கழுவிக் காயவையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். நனைந்த துணியை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்பதும் தெரியும்.

பின்னர் ஒரு சாண் அளவான துண்டுகளில், உங்களால் இயன்ற ஒவ்வொரு முறையிலும் ஒரே உருவத்தைத் தைத்துப் பாருங்கள். எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை கழுவி வெயிலில் போடுங்கள். எது நைந்தது, எது நின்றது, எதைத் தைக்கும்போது கண் வலித்தது என்பதைப் பார்த்தே தெரிவு செய்யுங்கள். பிள்ளை போர்த்துப் படுக்கும் போர்வைக்கு உறுதி முக்கியம், விற்பனைக்கானதற்கு நேரக் கணக்கு முக்கியம்.

விற்பவர்கள் ஒரு கொப்பியில் நாளாந்தம் தைத்த மணித்தியாலங்களை எழுதுங்கள். ஒரு போர்வைக்கு 40 மணித்தியாலம் சென்றால், எட்டு மணித்தியால வேலைநாள் கணக்கில் அது ஐந்து நாள் கூலி. நூலும் துணியும் அதற்கு மேல். “பழைய துணிதானே” என்று விலை குறைக்கப் பார்ப்பவரிடம் அந்தக் கொப்பியை விரித்துக் காட்டுங்கள்.