ஆகாய கங்கைக்கு ஆயிரம் படி
கொல்லிமலையில் ஒருநாள் நடை

ஆடி மாதம் பிறந்தால் நம்மவர்களுக்கு அருவி ஞாபகம் வந்துவிடுகிறது. தெற்கே இருப்பவர்கள் குற்றாலத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். மேற்கே இருப்பவர்கள் ஒகேனக்கல்லுக்குக் கிளம்புகிறார்கள். இரண்டும் பெயர் பெற்ற இடங்கள். கூட்டமும் அதற்கேற்றபடிதான் இருக்கும். நாலு பேருடைய முழங்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி, இரண்டு நிமிஷம் நனைந்துவிட்டுத் திரும்புவதும் அருவிக் குளியல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலால் நடந்து, மூச்சு வாங்கி, வியர்வை சிந்திவிட்டு அருவியில் போய் நிற்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு நாமக்கல் மாவட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் கொல்லிமலை ஆகாய கங்கை.

நாமக்கல், சேலம் பக்கத்து மக்கள் விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடலாம். கையில் ஒரு மாற்றுத் துணி, ஒரு துண்டு, கட்டுச் சோறு, குடிக்கத் தண்ணீர். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். முக்கியமாக, கனமான பை வேண்டவே வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எழுபது வளைவுகள்

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி வரைக்கும் பாதை சமதரைதான். அங்கே தொடங்குகின்றன, 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. எண்ணிக்கொண்டே போகிறவர்களுக்குத் தலை சுற்றும். எண்ணாமல் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாகச் சுற்றும். வழக்கமாக வருகிறவர்கள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு உட்காருகிறார்கள். பஸ் டிரைவரோ ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே கண்டக்டருடன் குடும்ப விஷயம் பேசுகிறார்!

அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருந்த மலை, பாதி வளைவுகள் கடந்ததும் முகம் மாறுகிறது. காற்றில் குளிர்ச்சி தட்டுகிறது. மேலே போய்ச் சேர்ந்தால் நாம் எதிர்பார்த்த சிகரம் இல்லை; வயலும் தோப்பும் வீடுகளுமாக ஒரு நாடே விரிந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 3,000 முதல் 4,000 அடி உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம் இது. மலைமேல் இருக்கும் பகுதிகளுக்கு இன்றும் நாடு என்றே பெயர். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என்று மொத்தம் 14 நாடுகள். இங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம். இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

பழம்பெருமைக்கும் குறைவில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின்மேல் போய்த் தைத்ததாகப் புறநானூற்றுப் புலவர் வன்பரணர் வியக்கிறார். அந்த ஓரியை மலையமான் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதும் சங்கப் பாட்டில் வரும் செய்தி. கண்டாரை மயக்கும் கொல்லிப்பாவை இருந்ததாகச் சொல்லப்படுவதும் இங்கேதான். செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலையைப் பார்க்கலாம். ஆடி 17, 18 தேதிகளில் அரசாங்கம் அவனுக்கு விழா எடுக்கிறது. அந்த இரண்டு நாளும் மலையில் கால் வைக்க இடம் இருக்காது. அமைதியாக நடக்க விரும்புகிறவர்கள் அதற்கு முன்போ பின்போ போவது நல்லது.

அறுத்த மீன் பொருந்திய ஊர்

செம்மேட்டிலிருந்து மறுபடியும் பஸ் பிடித்தால் அறப்பளீசுவரர் கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. தேவாரத்தில் பெயர் வருகின்ற வைப்புத் தலம் இது. அம்பலவாணக் கவிராயர் இந்தச் சுவாமியின் பேரில்தான் சதகம் பாடினார். கோயிலை ஒட்டி ஓடும் ஓடையில் மீன்கள் உண்டு. யாரும் அவற்றைப் பிடிப்பதில்லை. ஒரு காலத்தில் யாரோ மீனைப் பிடித்து அறுத்துச் சமைக்கப்போக, அறுபட்ட துண்டுகள் பொருந்தி மீன் உயிர்பெற்றுத் தண்ணீரில் குதித்துவிட்டது என்பது ஊர்க் கதை. கதையை நம்புவது அவரவர் விருப்பம். அந்தக் கதையால் ஓர் ஓடையின் மீன்கள் இத்தனை காலம் பிழைத்திருக்கின்றன என்பது கண்ணெதிரே தெரியும் விஷயம்.

கோயிலுக்கு அருகிலேயே படிகள் தொடங்குகின்றன. வனத்துறையினர் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். மழை பலமாக இருந்தால் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்தோமே என்று அவர்களிடம் சண்டைக்கு நிற்பதில் பிரயோஜனம் இல்லை.

படிகள் ஆயிரத்துக்கும் அதிகம். ஒரு வீட்டு மாடிக்கு 20 படி என்று வைத்துக்கொண்டால், 50 மாடிக் கட்டடம்! மற்ற மலைகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பழனியிலும் திருச்சி மலைக்கோட்டையிலும் முதலில் ஏறுகிறோம். முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்புவது இறக்கம். இங்கே முதலில் இறக்கம். தெம்பு இருக்கும்போது சுலபமான வேலை. களைத்துப்போய், நனைந்த துணியோடு, பசியோடு இருக்கும்போது கடினமான வேலை. "என்னால் முடியுமா?" என்ற கேள்விக்கு இறங்கும்போது பதில் கிடைக்காது. பதில் கிடைக்கும்போது நாம் அடியில் நிற்போம்.

படி தொடங்கும் இடத்தில் சூப் விற்கும் ஒரு மூதாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "எறங்குறப்ப எங்கிட்ட யாரும் நிக்கமாட்டாங்க, சாமி. ஏறி வர்றப்பதான் எல்லாரும் இங்க வந்து உக்காருவாங்க" என்று சிரித்தார்.

அன்றைக்கு அங்கே ஒரு சிறு தகராறு. துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரியவருக்கு 70 வயது இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்புதான் இருதயத்தில் ஆபரேஷன் நடந்ததாம். அவருக்கு அருவியைப் பார்த்தே தீரவேண்டும். "சின்ன வயசில எங்கப்பா தோள்ல உக்காந்து வந்த எடம்டா" என்கிறார். மகன் கெஞ்சுகிறான். கடைசியில் மருமகள்தான், "மாமா, எறங்குறதுக்கு நாங்க உங்களைப் பிடிச்சுக்குவோம். ஏத்திக்கிட்டு வர ஆள் வேணுமில்ல? நீங்க கோயில்ல இருங்க, தண்ணி நான் கொண்டாறேன்" என்றாள். பெரியவர் ஒன்றும் பேசாமல் கோயில் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர்களும் இதைத்தான் சொல்வார்கள். இருதயக் கோளாறு, ஆஸ்துமா, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் படிகள் ஏற்றவை அல்ல. மற்றவர்களுக்கும், இறங்கும்போது முழங்கால்தான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பாதி வழியில் தொடை நடுங்கினால் பயப்பட வேண்டாம். உட்கார்ந்து எழுந்தால் சரியாகிவிடும். சில படிகள் உயரமாக, சில பாசி பிடித்து வழுக்கலாக இருக்கின்றன. தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்காலே மேல். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் விடமாட்டா.

அருவியின் முன்னால்

முதலில் சத்தம் கேட்கிறது. பிறகு முகத்தில் ஈரம் தட்டுகிறது. கடைசித் திருப்பத்தில் அருவி தெரிகிறது. ஐயாறு என்ற ஓடை மேட்டுநிலத்தின் விளிம்பிலிருந்து கால் இடறியதுபோல் 300 அடி கீழே விழுகிறது. "நீர்வீழ்ச்சி" என்று இப்போது எல்லாப் பலகையிலும் எழுதுகிறார்கள். நீர் என்ன, வீழ்ந்தா போய்விட்டது? அருவி என்ற பழைய சொல்லுக்கு என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை.

சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர். நடுவே ஒரு குழி. அந்தக் குழிக்குள் அருவி கிளப்பும் காற்று சுழன்று சுழன்று அடிக்கிறது. நீர் மிகுந்த நாளில் அதன் நேர் கீழே நிற்க முடியாது. 30 அடி தள்ளி நின்றாலே சாரல் ஊசி ஊசியாகக் குத்தி, இரண்டு நிமிஷத்தில் தலைமுதல் கால்வரை நனைத்துவிடும். வெயில் வந்தால் காலடியில் வானவில். குழந்தைகள் அதைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

ஆனால் இதே அருவி சித்திரையிலும் வைகாசியிலும் மெலிந்துவிடுகிறது. அப்போது வந்தவர்கள், "இதற்கா ஆயிரம் படி?" என்று முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. கோடை மழைக்குப் பிறகு உயிர் பெற்று, ஆடி ஆவணியில் தேறி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெள்ளமாகிவிடும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் வருவதையே நான் சிபாரிசு செய்வேன். தண்ணீர் தெளிவாகவும் அளவாகவும் இருக்கும், படியும் காய்ந்திருக்கும்.

நிறம் மாறினால் ஓடுங்கள்

அருவியில் குளிக்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் தலைக்கு மேல் வானம் நிர்மலமாக இருக்கும். ஆனால் சில மைல் தள்ளி, மலையின் மேல்பரப்பில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். சரிவான பாறைமேல் விழும் மழையை உறிஞ்ச மண் இல்லை. அத்தனை நீரும் ஓடைகளில் இறங்கி, ஒன்று சேர்ந்து, சில நிமிஷங்களில் அருவியாகத் தலையில் விழும். பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று நடந்தது இதுதான். குளித்துக்கொண்டிருந்த ஜனங்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

தண்ணீர் முன்னெச்சரிக்கை கொடுக்காமலும் இருப்பதில்லை. தெளிவாக விழுந்துகொண்டிருந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தால், அருவியின் இரைச்சல் தடித்தால், சோப்பையும் துண்டையும் தேடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுங்கள். ஆகாய கங்கையில் ஒதுங்குவதற்கு இடம் குறைவு; மூன்று பக்கமும் பாறை. படிதான் வழி. ஆகவே படிக்கு அருகிலேயே நின்று குளிப்பது புத்திசாலித்தனம்.

மலைமேல் ஒரு மாற்றம்

அருவிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? மேட்டுநிலத்துச் சோலைகளும் வயல்களும் குடித்து மிச்சம் விட்ட நீர்தான். முன்பு அந்த வயல்களில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. வீட்டுக்கு வேண்டிய தானியம் வீட்டுக்கு முன்னாலேயே. பிறகு சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு மலையேறி வந்தது. கையில் காசு கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் சாமை வைத்த வயல் குறைந்துகொண்டே போனது. மரவள்ளியைத் தோண்டி எடுத்தால் சரிவில் மண் புரண்டு கிடக்கும். அடுத்த மழை அதை வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்து, மலைமக்களிடம் மிஞ்சியிருந்த சிறுதானிய விதைகளைக் காப்பாற்றவும், பெண்கள் குழுக்கள் மூலம் சாமையைக் குத்தி, மாவாக்கி விற்கவும் உதவினார்கள். இன்று பட்டணத்தில் சாமைக்குக் கிராக்கி. 2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாகக்கூடக் கொண்டாடிவிட்டார்கள். போகும்போது வழியில் சாமை அரிசியோ, மிளகோ வாங்கினால், இந்த மலையில் வாழ்கிறவர்கள் கையில் நாலு காசு சேரும். கொல்லிமலை மிளகும் பலாவும் அன்னாசியும் பெயர் போனவை. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருப்பதை வழி நெடுகப் பார்க்கலாம்.

இப்போது ஏறவேண்டும். அவசரப்படாமல் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். கட்டுச் சோற்றை மேலே வந்து பிரிக்கலாம். முப்பது நாற்பது படிக்கு ஒருதரம் நின்று, பேச்சு திரும்பி வந்த பிறகு நடந்தால் போதும். வழியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வெட்கப்படுகிற இளவட்டங்களும், இருநூறு படி தாண்டியதும் அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நான் மேலே வந்தபோது அந்தத் துறையூர்க் குடும்பம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மருமகள் மூச்சு இரைக்க ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினாள். பெரியவர் சட்டையைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். கோயில் ஓரமாகப் போய் நின்று, அந்த ஒரு பாட்டில் தண்ணீரையும் சொட்டு மிச்சமில்லாமல் தலையில் ஊற்றிக்கொண்டார். "இவ்வளவு சில்லுனு அப்பவும் இருந்துச்சு" என்றார்.

சூப் கடைப் பாட்டியிடம் இப்போது கூட்டம். முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே ரோமம் அடர்ந்து, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டு வலி போகும் என்று சத்தியம் செய்கிறார்கள். போகுமா என்பதை வைத்தியர்களுக்கு விட்டுவிடுவோம். மலை மிளகைத் தட்டிப் போட்டுச் சுடச்சுடக் கொடுக்கும்போது, ஆயிரம் படி ஏறிய காலுக்கு அது அமிர்தம்தான். இரண்டு தம்ளர் குடித்தேன்.

மாலையில் மூடுபனி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. சொந்த வண்டியில் வந்தவர்கள் நாலு மணிக்கே கிளம்பிவிடுவது நலம். பனியில் அந்த 70 வளைவுகளையும் இறங்குவது பழகாத கைக்கு அபாயம். பஸ்ஸில் போகிறவர்கள், காலையில் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.