புற்றுநோய்ச் சிகிச்சை: நோயாளி எங்கே செல்கிறார்?

பஞ்சாபின் பட்டிண்டாவிலிருந்து ராஜஸ்தானத்தின் பிகானீருக்குச் சென்ற இரவு ரயிலை மக்கள் பல்லாண்டுகளாகப் 'புற்றுநோய் வண்டி' என்றே அழைத்து வந்தனர். மால்வா வட்டாரத்து விவசாயிகள் 300 கிலோமீட்டர் தூரம் பிரயாணம் செய்து அங்கே சென்றதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. பிகானீர் அரசாங்க மருத்துவமனையில் செலவு குறைவு. தர்மசாலைகளில் தங்க இடம் கிடைத்தது. ரயிலில் நோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. முன்னர் சென்று வந்த அயலார் வழி கூறினர். அருகிலிருந்த தனியார் மருத்துவமனையோ செலவால் எட்டாததாயிற்று.

ஆகவே, நோயாளியின் தேர்வு மருத்துவத் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. அரசாங்க ஊழியர், தம் செலவு ஈடுசெய்யப்படும் மருத்துவமனையை நாடுகிறார். கூலித் தொழிலாளி, தாம் இழக்கும் கூலியோடு உடன்வருபவர் இழக்கும் கூலியையும் கணக்கிடுகிறார். துணையின்றிச் செல்ல இயலாத பெண், வீட்டாரின் முடிவுக்குக் காத்திருக்கிறார். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாட்களாகப் பல வாரங்கள் நீடிப்பது. தங்க வசதியற்றவர் அதைப் பாதியில் நிறுத்திவிட நேர்கிறது. நோய் மீண்டும் தலைதூக்க அதுவே வழியாகலாம்.

2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்குக் காப்பு அளிக்கிறது. 2022-ல் பஞ்சாபின் முல்லன்பூரில் ஹோமி பாபா புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆயினும் இவை இருப்பதை நோயாளி அறிந்தாலன்றிப் பயனில்லை. ஆறாத வாய்ப்புண், மார்பகக் கட்டி, முறையற்ற உதிரப்போக்கு ஆகியவற்றைப் பற்றிக் கேள்வியுறும் கிராம ஊழியரும் ஆசிரியரும், 'மருத்துவரிடம் செல்க' என்று கூறுவதோடு நின்றுவிடலாகாது. எந்த மருத்துவமனை, என்ன சலுகை, எங்கே தங்குவது, எந்தப் பத்திரங்களைக் கொண்டு செல்வது என்பவற்றையும் விளக்குதல் வேண்டும். நோய் முற்றுமுன் சிகிச்சை தொடங்க அவ்விவரம் துணைசெய்யும்.