ஜெமினியில் எடுத்த படம், நம் வீட்டு பிளேயரில் ஓடாது!

படாளத்திலிருந்து சென்னைக்குப் போய், டவுன் பஸ்ஸில் ‘ஜெமினி ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிறோமே... அங்கே இருந்த ஜெமினி ஸ்டூடியோவில்தான் நடன மேதை உதய்சங்கர் ‘கல்பனா’ படத்தை எடுத்தார். வெளிவந்த ஆண்டு 1948. ஒளிப்பதிவு கே.ராம்நாத். ஆடுபவர்களில் சின்னப் பெண்ணாக நம் ‘நாட்டியப் பேரொளி’ பத்மினியும் உண்டு!

ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய அமைப்பு இத்தாலியில் இதைப் புதுப்பிக்க, 2012-ல் கேன்ஸ் விழாவில் திரையிட்டார்கள். 90 வயதைத் தாண்டிய நாயகி அமலா சங்கர் நேரில் வந்திருந்தார். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போனதை நினைத்தால், இது பெரிய அதிர்ஷ்டம்தான்.

2022-ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம், ஆறு படங்கள் கொண்ட பெட்டியில் ‘கல்பனா’வையும் சேர்த்து வெளியிட்டது. சிக்கல் இங்கேதான். ப்ளூ-ரேயில் அமெரிக்கா ‘ஏ’ மண்டலம், இந்தியா ‘சி’ மண்டலம். டிவிடியிலும் இப்படித்தான், அங்கே 1, இங்கே 5. நம்மூர் சாதாரண பிளேயர் அந்த டிஸ்க்கை ஏற்காது. மெட்ராஸில் எடுத்த படத்துக்கு இப்படியொரு கதி!

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ வாங்கி வரச் சொல்கிறவர்கள், எல்லா மண்டல டிஸ்க்கும் ஓடும் ‘ரீஜன் ஃப்ரீ’ பிளேயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.