சுத்தியல் விழாத ஏலம்

கைமாறும் காசுகள் – 14

ஒரே ஆள் இரண்டு பெயரில் புகுந்து தன் பொருளுக்குத் தானே விலை ஏற்றும் வித்தையைப் போன வாரம் பார்த்தோம். படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். மறுபடி சொல்ல இடமில்லை. இந்த வாரம் வியாபாரிகளின் சிண்டிகேட் என்று சொல்லியிருந்தேன். குறிப்புகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். லண்டனிலிருந்து ஒரு சாராயக் குழாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டது. ஆசிரியர் கொடுத்த கெடுவுக்குள் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

1789-ம் வருடம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு ஆண்டுகொண்டிருக்கிறார்; அந்த டிசம்பர் கடைசியில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கப் போகிறார். அதே வருடம் லண்டன் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் ‘பெயின் எதிர் கேவ்’ வழக்கில் தீர்ப்பு வருகிறது. ஏலத்துக்கு வந்தது வைரமோ ஓவியமோ இல்லை. சாராயம் காய்ச்சுகிற இடத்தில் ஆவியைக் குளிரவைத்து இறக்க ஒரு தொட்டியும், அதற்குள் சுருண்டு கிடக்கிற உலோகக் குழாயும் இருக்கும் அல்லவா, அவை இரண்டும்தான். கேவ் என்பவர் 40 பவுன் கேட்டார். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டாமல் இழுத்தார். ஏன் இழுக்கிறீர்கள், இதற்குமேல் வராது என்றார் கேவ். குழாய் இருக்கிற எடைக்கு 40 பவுனுக்கு மேலேயே பெறும் என்றார் ஏலக்காரர். அந்த எடைக்கு உத்தரவாதம் தருவீர்களா என்று மடக்கினார் கேவ். தர முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு அதே பொருளை மறு ஏலம் விட்டதில் 30 பவுன்தான் தேறியது. குறைந்த 10 பவுனைக் கேவ் தர வேண்டும் என்றுதான் வழக்கு.

கேவ் ஜெயித்தார். ஏலம் கேட்பது வாங்க முன்வருவது மட்டுமே. சுத்தியல் விழும்போதுதான் விற்கிறவர் சம்மதிக்கிறார். அதுவரை இரண்டு பக்கமும் கட்டுப்படவில்லை என்றது நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்த வழக்கை உருப்போடுகிறார்கள். எனக்குத் தீர்ப்பைவிட அந்த இழுப்புதான் பிடித்திருக்கிறது. நேரத்தோடு தட்டியிருந்தால் குழாய் கேவின் தலையில் விழுந்திருக்கும். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று ஏலக்காரர் ஆசைப்பட்ட சில விநாடிகளில் கேவுக்குச் சந்தேகம் கேட்க இடம் கிடைத்தது. நேர்மையான வாபஸ் என்றால் அதுதான். பொருளைப் பற்றி ஒரு கேள்வி, அதற்கு ஒழுங்கான பதில் இல்லை, ஆகவே வேண்டாம்.

நம் ஊர்ச் சட்டமும் இந்தக் குழாய் வழியாகத்தான் வந்திருக்கிறது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவைப் பாருங்கள். சுத்தியல் தட்டியோ, வழக்கத்தில் உள்ள வேறு விதத்திலோ ஏலம் முடிந்தது என்று அறிவித்தால்தான் விற்பனை முடிகிறது. அதுவரை யாரும் தாங்கள் கேட்டதை வாபஸ் வாங்கலாம். நம்முடைய ‘மூணு தரம்’ அந்த வேறு விதத்தில் அடங்கும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்யாக ஏலம் கேட்டாலோ கேட்க வைத்தாலோ, வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையைச் செல்லாததாக்கலாம். இந்தப் பின்பாதி 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருந்தது.

ஆக, ஏலம் கேட்கிறவருக்கு வாபஸ் ஒரு கவசம். விற்கிறவருக்குப் பொய்க் கேள்வி ஒரு குற்றம். இரண்டையும் ஒரே பிரிவுக்குள் அடுத்தடுத்து எழுதிவைத்தவர்கள், விற்கிறவரின் ஆளே ஏலதாரர் வேஷம் கட்டிவந்து அந்தக் கவசத்தையும் மாட்டிக்கொள்வான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. கூடத்தில் எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிந்த காலம் அது. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சுத்தியல் விழுந்த பிறகு பின்வாங்குவது வேறு கதை. 2009 பிப்ரவரி 25 அன்று பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம், 1860-ல் பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையில் கொள்ளை போன எலித் தலை, முயல் தலை வெண்கலச் சிற்பங்களை ஏலம் விட்டது. தொலைபேசியில் ஒருவர் தலைக்கு 1.57 கோடி யூரோ கேட்டு ஜெயித்தார். மார்ச் 2 அன்று பெய்ஜிங்கில் அவர் முகம் வெளியே வந்தது: சாய் மிங்சாவ். கேட்டது நான்தான், பணம் தரமாட்டேன், ஒரு சீனனாக என் கடமையைச் செய்தேன் என்றார். சிற்பங்கள் விற்காமலே நின்றன. பிறகு 2013-ல் ஃபிரெஞ்சுத் தொழிலதிபர் பினோ குடும்பம் அவற்றைச் சீனாவுக்கே கொடுத்துவிட்டது.

மூன்றே நாள் கழித்து, மார்ச் 5 அன்று, நியூயார்க்கில் அதற்கு நேர் எதிரான கூத்து. ஆன்டிகோரம் ஏலத்தில் காந்தியின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, ஜெனித் பாக்கெட் கடிகாரம், ஒரு தட்டு, ஒரு கிண்ணம். மதிப்பீடு 20,000 முதல் 30,000 டாலர். டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. ஏலத்துக்குச் சற்று முன்பு, விற்க வந்த ஜேம்ஸ் ஓட்டிஸே மனம் மாறி, வேண்டாம், விற்கவில்லை என்று வெளியே நின்று அறிவித்தார். உள்ளே ஏலம் நடந்தது. 18 லட்சம் டாலருக்கு எடுத்தவர் நம் பெங்களூரு விஜய் மல்லையா. கூடத்தில் அவருக்காகக் கேட்டவர் டோனி பேடி. மதுவிலக்குக்காரரின் செருப்பைப் பீர்க்காரர் வாங்கியதை அப்போதே எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குப் பட்டது வேறு. பாரிஸில் கேட்டவர் பின்வாங்கினார், ஏலம் கெட்டது. நியூயார்க்கில் விற்பவர் பின்வாங்கினார், ஏலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. (2003-ல் லண்டனில் 1,75,000 பவுனுக்கு எடுத்த திப்புவின் வாளை மல்லையா 2016-ல் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று பின்னாளில் லண்டன் நீதிமன்றத்தில் தெரியவந்தது. வாள் துரதிர்ஷ்டமாம். இதுவும் ஒரு வாபஸ்தான், எந்தப் பிரிவிலும் வராது.)

இணையத்துக்கு வருவோம். இங்கே சுத்தியல் இல்லை, கடிகாரம்தான். சந்தேகம் கேட்க ஏலக்காரர் முன்னால் நிற்பதில்லை. கேட்டவர் யாரென்றும் தெரியாது. ஆனால் வாபஸ் மட்டும் ஒரு பொத்தானாகக் கூடவே வந்துவிட்டது.

யானை போட்ட திப்பு செப்புக் காசு ஒன்று 500 ரூபாயில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் உச்சத் தொகையாக 4,000 என்று பதிந்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். உங்களுக்கு எதிராக யாராவது கேட்டால், தேவையான அளவுக்கு மட்டும் இயந்திரம் உங்கள் சார்பில் ஏற்றும். திரையில் 600 என்று நிற்கிறது. 4,000 என்பது உங்களுக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். விற்கிறவரின் ஆள் 50,000 என்று தட்டுகிறான். உடனே திரையில் 4,100 என்று வருகிறது, முன்னால் நிற்பது அவன். உங்கள் ரகசியம் அம்பலம். ஐயோ, ஒரு சைபர் கூடிவிட்டது என்று அவன் வாபஸ் வாங்குகிறான். விலை பழையபடி 600. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு கணக்கிலிருந்து 3,900 வருகிறது. காலையில் எழுந்து பார்த்தால் காசு உங்களுக்கே, 4,000 ரூபாய்க்கு. ஜெயித்துவிட்டோம் என்று நீங்கள் காபி குடிக்கிறீர்கள்.

வாங்குகிறவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஒருவன் மூன்று கணக்கு வைத்துக்கொள்வான். ஒன்று 700 என்று அமைதியாகக் கேட்டுவிட்டு ஒதுங்கும். மற்ற இரண்டும் தமக்குள் போட்டி போட்டு 90,000-க்குக் கொண்டுபோகும். பார்க்கிறவர்கள் எல்லாம் பயந்து விலகிவிடுவார்கள். கடைசி நேரத்தில் அந்த இரண்டும் வாபஸ், 700 ஜெயிக்கும்.

இதைத் தடுக்கத்தான் ஈபே விதி போட்டது. தொகையைத் தவறாகத் தட்டிவிட்டால், பொருளின் விவரம் பெரிதாக மாறினால், விற்பவரைத் தொடர்புகொள்ளவே முடியாவிட்டால் வாபஸ் வாங்கலாம். மனம் மாறியது காரணமாகாது. முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அந்தப் பொருளுக்கு நீங்கள் கேட்டது முழுக்கப் போகும். 12 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால், கடைசியாகக் கேட்டதை மட்டும், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டும். 90,000 விளையாட்டுக்கு இது பெரிய இடைஞ்சல். 50,000 விளையாட்டுக்கு அவ்வளவாக இல்லை. ஆழம் பார்க்கிறவன் முதல் நாளே பார்த்துவிட்டுப் போய்விடுவானே.

என் கட்சி இதுதான்: உச்சத் தொகையை முன்கூட்டிப் பதியாதீர்கள். கடைசி விநாடிகளில் கேளுங்கள். அதை அநாகரிகம் என்று சொல்லும் பெரியவர்கள் நம் சங்கங்களில் உண்டு. ஆல்வின் ரோத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கடைசி நேரக் கேள்வி ஈபேயில் அதிகம், அமேசான் நடத்திய ஏலத்தில் குறைவு என்று கண்டார்கள். ஈபேயிலும் கணினி ஏலத்தைவிடப் பழம்பொருள் ஏலத்தில்தான் அது கூடுதல். ஈபேக்கும் அமேசானுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. அமேசான் ஏலத்தில் யாராவது கடைசி நேரத்தில் கேட்டால், பத்து நிமிடம் யாரும் கேட்காமல் இருந்த பிறகே ஏலம் முடியும். இயந்திரம் சொல்லும் மூணு தரம்! அந்த ஏலத்தை அமேசான் மூடிவிட்டது. நல்ல விதிகளுக்கு நம் காலத்தில் ஆயுசு இல்லை.

ஈபே இந்தியாவும் போய்விட்டது. 2004-ல் பாஸி டாட் காமை வாங்கி உள்ளே வந்த கடை, 2017-ல் பெங்களூரு ஃபிளிப்கார்ட் கைக்கு மாறி, 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அதோடு, யார் எப்போது எவ்வளவு வாபஸ் வாங்கினார் என்ற பட்டியலும் போனது. அந்தப் பட்டியல் பொக்கிஷம். இன்றும் வெளிநாட்டு ஈபேயில் பார்க்கலாம்: பெயரை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தாலும், அந்த ஆள் கடந்த 30 நாளில் கேட்டதில் எத்தனை சதவீதம் இதே விற்பவரிடம், எத்தனை முறை வாபஸ் என்று காட்டும். உண்மையிலேயே கை தவறியவர் உடனே சரியான தொகையைத் திரும்பப் போட வேண்டும் என்பது விதி. போடாமல் மறைந்தவர், அவர் போனபின் உங்கள் உச்சத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும் புது ஆள், இருவரும் அதே விற்பவரிடமே சுற்றுகிறவர்கள். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நான் காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

இப்போது காசு ஏலம், அஞ்சல் தலை ஏலமெல்லாம் பெருமளவு வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கின்றன. அங்கே விற்பவரே அட்மின், அட்மினே ஏலக்காரர். போட்ட செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். 4,500 என்பது 450 ஆகலாம். இரண்டு நாள் 12 மணி நேரம் வரை எல்லார் திரையிலிருந்தும் அழிக்கலாம். திருத்தியது, அழித்தது என்ற தடயம் மட்டும் நிற்கும். என்ன தொகை என்று நிற்காது. இதற்கு ஒரே மருந்து, ஒவ்வொரு கேள்வியையும் உடனுக்குடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. அலுப்பான வேலைதான்.

முன்பணம் வாங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். 2025 நவம்பரில் ஹரியானாவில் எச்.ஆர். 88 பி 8888 என்ற வண்டி எண் இணைய ஏலத்தில் 1.17 கோடி ரூபாய்க்குப் போனது. கேட்டவர் கெடுவுக்குள் பணம் கட்டவில்லை. பறிபோனது 11,000 ரூபாய். கோடிக்கு முன்னால் 11,000 எந்த மூலைக்கு? கடைசியில் அவருடைய சொத்து, வருமானத்தை விசாரிக்கச் சொல்லி மாநில அமைச்சர் உத்தரவிட வேண்டியதாயிற்று.

சிண்டிகேட் அடுத்த வாரம். சத்தியமாக. 1990-கள் வரை நடந்த கதை, நியூயார்க், 11 அஞ்சல் தலை மொத்த வியாபாரிகள். ஏலத்துக்கு முன்பே தங்களுக்குள் ஒரு ரகசிய ஏலம் நடத்தி, யார் எதைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு, 15 வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். அவரவர் தொகையை எழுதிக் கொடுத்தது ஒரு டாக்ஸி டிரைவரிடம். அதற்கென்றே அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஒதுங்கிக்கொண்டவருக்குப் பங்குப் பணம் உண்டு என்பதால், உள்ளே விலையைக் கூட்டிச் சொல்ல எல்லாருக்கும் ஆசை. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட ஒரு முழுப் பக்கம் வேண்டும்.