அகவிலைப்படி இல்லாத முதுமை

என் அண்ணன் ஒரு தனியார் நூற்பாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, 2012-இல் ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமாகக் கைக்கு வந்தது ரூ.20 லட்சம். அதை என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். பொருளாதாரம் கற்பிக்கும் தம்பி தவறாகச் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை அவருக்கு. "முழுவதையும் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிடுங்கள், முதலுக்கு மோசமில்லை" என்றேன்.

அன்று வட்டி 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மாதம் ரூ.15,000 வந்தது, சிக்கனமான குடும்பத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது. பின்னர் வைப்பைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வட்டி இறங்கியது. 2020-21-இல் அது 6 சதவீதத்துக்கு வந்தபோது மாத வருவாய் ரூ.10,000 ஆனது. அதே ஆண்டில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் சராசரியாக 6.2 சதவீதம். வங்கிப் புத்தகத்தில் முதல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால், அந்த ஆண்டு கிடைத்த வட்டி முழுவதையும் தொடாமல் சேர்த்து வைத்திருந்தாலும், முதலின் வாங்கும் திறனைக் காப்பாற்றியிருக்க இயலாது. அவரோ அந்த வட்டியில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். மெய் வட்டி விகிதம் என்ற பாடத்தை ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்களுக்கு நடத்தியவன் நான்!

என் கவனக்குறைவுக்கு ஒரு காரணம் உண்டு. நான் பழைய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வருபவன். விலைவாசி ஏற ஏற, அகவிலைப்படியும் உயர்கிறது. அந்தச் சுமையை அரசு ஏற்றுக்கொள்கிறது. தனியார் துறை ஊழியருக்கு அப்படியொரு காப்பு இல்லை. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். ஊதிய உச்சவரம்பான ரூ.15,000-க்கு 35 ஆண்டுகள் கணக்கிட்டாலும் மாதம் ரூ.7,500-தான். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட ரூ.1,000. அண்ணன் பெறுவது ரூ.2,000-ஐ ஒட்டிய தொகை. ஓய்வு பெற்ற நாளில் பெற்ற அதே தொகை.

72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுத்தால், விலைவாசி எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகள். அறுபது வயதில் மாதம் ரூ.30,000-இல் நடக்கும் குடும்பத்துக்கு 72 வயதில் ரூ.60,000, 84 வயதில் ரூ.1.2 லட்சம் வேண்டும். சேமிப்பின் வருவாய் பணவீக்கத்துக்கு ஈடாக மட்டுமே இருக்குமானால், 25 ஆண்டு வாழ்வுக்கு 25 ஆண்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது ரூ.90 லட்சம். மலைப்பாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கை 58 வயதில் போட்டுப் பயனில்லை; நாற்பதில் போட்டால், மகளின் திருமணத்துக்காக வருங்கால வைப்பு நிதியில் கைவைக்கும் முன் ஒருமுறை யோசிக்கத் தோன்றும்.

இன்று ஓய்வு பெறும் ஒருவர் கேட்டால், முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைச் சொல்வேன். உச்சவரம்பு ரூ.30 லட்சம், வட்டி 8.2 சதவீதம். ஆனால், இதன் வட்டியும் ஐந்து ஆண்டுகளுக்கு மாறாது. ஆகவே, தொடக்க ஆண்டுகளில் வட்டி முழுவதையும் செலவிடாமல் ஒரு பகுதியை மீண்டும் சேமிக்க வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தில் கால் பங்கைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்கு மேல் வேண்டாம். மருத்துவக் காப்பீட்டைப் பணியில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம். நிறுவனம் அளிக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் பணியுடன் முடிந்துவிடும்.

2023-இல் அண்ணனின் வைப்பில் பாதியை மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு மாற்றினோம். குறியீட்டு நிதி வேண்டாம் என்று மறுத்துவிட்டார்; அந்த வயதில் அவர் சொன்னதும் சரியே. இப்போது ஒரு ஜவுளிக் கடையில் அரைநாள் கணக்கு எழுதச் செல்கிறார். கேட்டால், வீட்டில் பொழுது போகவில்லை என்கிறார்.