டயருக்குள் இருக்கும் நூல்

அடிபட்ட டயரை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டலாமா என்பது பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அது அன்றைய வருமானத்தைப் பற்றிய கேள்வி. அந்தக் காரில் அமரும் குடும்பத்திற்கோ உயிரைப் பற்றிய கேள்வி. சென்ற கோடையில் இக்கேள்வி என் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது. அந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டே இன்று உங்களோடு பேசலாமென்று எண்ணுகிறேன்.

என் தமக்கையின் மகன் கடன் பெற்றுக் கார் வாங்கியவன். ஒரு நாள் பிற்பகல் சென்ட்ரல் நிலையத்திற்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றபோது பின்சக்கரம் ஒன்றில் ஆணி ஏறிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் ஒரு குடும்பத்தைத் திருவண்ணாமலைக்கு அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருந்தான். நான் சிந்தாதிரிப்பேட்டைவாசி, மோட்டார்ப் பட்டறை வேலையிலே நரைத்தவன். "மாமா, புதுப்பேட்டையில் ஒரு டயர் பார்த்து வைத்திருக்கிறேன். புதிய டயர் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றான்.

புதுப்பேட்டை எங்கள் பேட்டைக்கு அடுத்த பேட்டை. பழைய மோட்டார்களைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக விற்கும் கடைகளுக்குப் பேர்போன இடம். எங்கள் சிந்தாதிரிப்பேட்டைக்கும் ஒரு பழம்பெருமை உண்டு. 1734ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னைக் கவர்னராக இருந்தபோது, துணி வாணிகத்தின் பொருட்டு நெசவாளர்களையும் நூல் நூற்போரையும் கூவத்தின் வளைவிலே குடியேற்றி உண்டாக்கிய ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். டயரைப் பற்றிப் பேசுபவன் தறியைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

டயர் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது ரப்பர். கண்ணுக்குத் தெரிவதும் அதுவே. ஆனால் வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள்ளே பொதிந்து கிடக்கும் நூல். காற்றைத் தானாகத் தாங்கும் வலிமை ரப்பருக்கு எவ்வளவு உண்டு என்பதை ஒரு பலூனை ஊதிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தபோது, ரப்பர்க் குழாயின்மேல் துணியைச் சுற்றித்தான் அதை அடக்கினார். அத்துணியின் வழித்தோன்றல்களே இன்றைய டயரில் உள்ள நூல்கள். முதலில் பருத்தி, பின்பு ரேயான், அதன் பின் நைலானும் பாலியெஸ்டரும் வந்தன. இப்போது கார்களுக்கு வரும் ரேடியல் டயர்களில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பாலியெஸ்டர் நூல்கள் குறுக்கே ஓடுகின்றன. தரையில் படும் பகுதிக்குக் கீழே எஃகுக் கம்பி இழைகளாலான பட்டைகள் சுற்றிக் கிடக்கின்றன. ரப்பரின் வேலை நூலைப் பாதுகாப்பதும், தரையைப் பற்றிக்கொள்வதுமே.

ஆகவே, அடிபட்ட டயரைச் சோதிப்பவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நூல் அறுந்திருக்கிறதா, இல்லையா? ரப்பரில் ஏற்பட்ட காயம் பல வேளைகளில் மன்னிக்கக் கூடியது. நூலில் ஏற்பட்ட காயம் அப்படி அன்று.

புதுப்பேட்டைக் கடையில் காட்டப்பட்ட டயர் கருகருவென்று மின்னிற்று. மின்னும் பழைய டயரைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். உழைத்த டயருக்கு அந்த மினுமினுப்பு இயற்கையாக வருவதில்லை. ஈரத் துணியால் பாலிஷைத் துடைத்துவிட்டு, பக்கச்சுவரில் அச்சிட்டிருந்த எழுத்துகளைப் படித்தேன். டயர் பிறந்த நாள் அங்கே நான்கு எண்களில் இருக்கும். முதல் இரண்டு எண்கள் வாரத்தையும், பின் இரண்டு எண்கள் ஆண்டையும் குறிப்பன. 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் காண்பது இயல்பு. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டு கடந்ததை எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் தள்ளிவிட வேண்டும் என்றும் டயர் செய்வோர் பலரே கூறுகின்றனர். இந்த டயருக்கு வயது நான்குதான். அந்த மட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது, கடைக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் மேற்பள்ளங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கார் டயரில் இந்தப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அளவுகோல் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளங்களின் அடியில் குறுக்காகச் சிறு மேடுகளைத் தொழிற்சாலையிலேயே அமைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. சிலர் மொட்டை டயரைச் சூடான கத்தியால் மறுபடி செதுக்கிப் பள்ளம் உண்டாக்கி விற்பதுண்டு. அந்தத் தந்திரத்தைக் காட்டிக்கொடுப்பதும் இம்மேடுகளே. செதுக்கிய டயரில் அவை அறுபட்டோ காணாமலோ போயிருக்கும். எஃகுப் பட்டையைக் காக்க எஞ்சியிருந்த கொஞ்சம் ரப்பரையும் கத்தி எடுத்துவிடுகிறது என்பதை வாங்குகிறவர் அறியமாட்டார்.

டயரை மெல்ல உருட்டி, இரு பக்கச்சுவர்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் மெல்லிய குழிவு தென்பட்டது. பையன் முகம் வாடிவிட்டது. "குழிவுக்குப் பயப்படாதே மாப்பிள்ளை, மேட்டுக்குப் பயப்படு" என்றேன். பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய குழிவு, பெரும்பாலும் நூல் விரிப்பின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இடம். அங்கே நூல் இரட்டிப்பாக இருப்பதால் காற்றின் அழுத்தத்தில் அது மற்ற இடங்களைப் போலப் புடைப்பதில்லை, அது கேடன்று. ஆனால் சாலைக் குழியிலோ நடைபாதைக் கல்லிலோ சக்கரம் வேகமாக மோதும்போது, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டயர் நசுங்குகிறது. வெளியே ஒரு கீறலும் இராது. உள்ளே நூல்கள் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்கி நிற்கிறது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ அங்கே எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம் கிளம்பும். அதற்கு வைத்தியம் எதுவும் இல்லை. அந்த டயரை மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம் என்பதும் இல்லை.

இந்த டயரில் வீக்கம் இல்லை. ஆனால் காற்றில்லாமல் கிடக்கும் டயரில் வீக்கம் தெரியாது என்பதை மறக்கலாகாது. எனவே கவிழ்த்து உட்புறத்தைப் பார்த்தேன். பழைய டயர் வாங்குவோரில் பத்துக்கு ஒன்பது பேர் செய்யாதது இதுதான். பக்கச்சுவரின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்திற்கு ஓர் ஒட்டுப் போடப்பட்டிருந்தது. வெளிப்புறத்தில் அதற்கு நேரே கையை வைத்துப் பார்த்தால், பாலிஷுக்கு அடியில் கத்தி வெட்டுப் போன்ற ஒரு கோடு. கடைக்காரர், "காற்று இறங்காது சார், நான் பொறுப்பு" என்றார். காற்று இறங்காது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஒட்டு காற்றை அடைக்கும்; அறுந்த நூலை முடிந்துவிடாது.

மேற்பகுதியில் பஞ்சர் ஒட்டலாம், பக்கச்சுவரில் ஏன் கூடாது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நடுத்தரக் கார்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் உருள்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு முறை சுழலும். சென்னையிலிருந்து திருவண்ணாமலை போய்ச் சேருவதற்குள் ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழன்றுவிடும். ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. மேற்பகுதியோ தடித்த ரப்பராலும் எஃகுப் பட்டையாலும் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் அவ்வளவு வளைவதில்லை. ஆதலால்தான் மேற்பகுதியின் நடுவே, ஆறு மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையை மட்டும் அடைக்கலாம் என்பது தொழில் அறிந்தோர் கொண்டுள்ள விதி. அதையும் டயரைக் கழற்றி உட்புறம் பார்த்து, துளையை நிரப்பி, மேலே ஒட்டுப் போட்டுச் செய்ய வேண்டும். கழற்றாமலே வெளியிலிருந்து திரியைச் செருகுவது வழியில் உதவும் தற்காலிக உபாயம். அதோடு விட்டுவிட்டால், மழைநீர் துளை வழியே இறங்கி எஃகு இழைகளைத் துருப்பிடிக்கச் செய்யும்.

ஒன்று சொல்ல வேண்டும். பழையது எல்லாம் ஆகாது என்று நான் கூறவில்லை. தேய்ந்த டயர்மேல் புதிய ரப்பர் ஏற்றி ஓட்டுவது நம் நாட்டு லாரிகளிலும் பஸ்களிலும் நெடுங்காலமாக நடந்துவரும் கௌரவமான தொழில். திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனமே, 1952ஆம் ஆண்டில் அவ்வாறு ஏற்றுவதற்கான ரப்பரைச் செய்யத் தொடங்கி, பின்னரே டயர் தொழிலில் இறங்கிற்று. ஆனால் நல்ல பட்டறையில் ரப்பர் ஏற்றுமுன் டயரின் உடலைச் சோதித்து, நூல் கெட்டதை ஒதுக்கிவிடுவார்கள்.

மின்னிய டயரை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பையனுக்கு ஒரு விதத்தில் மகிழ்ச்சியே. "அப்படியானால் என்னுடையதையே ஒட்டிவிடலாம் மாமா. ஆணி நட்டநடுவில்தானே ஏறியிருக்கிறது?" என்றான். ஆணி சிறியது, இடமும் நல்ல இடம். பட்டறையில் டயரைக் கழற்றிக் கையில் எடுத்தேன். உள்ளே கரிய பொடி கொட்டிக் கிடந்தது. பக்கச்சுவரின் உட்புறத்தைச் சுற்றிலும், விரலால் இழுத்தது போலச் சுருக்கங்களோடு ஒரு வளையம் ஓடிற்று.

"ஆணி ஏறிய பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினாய்?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவர்களுக்கு ரெயில் நேரம் ஆகிவிட்டது மாமா. ஸ்டெப்னி மாற்ற நின்றால் வண்டி போய்விடும் என்று அழுதார்கள். மூன்று கிலோமீட்டர் இருக்கும்" என்றான்.

காற்றில்லாத டயரின்மேல் காரின் பாரம் முழுவதும் இறங்கும்போது, பக்கச்சுவர் இரண்டாக மடிந்து மடிந்து அரைபடுகிறது. அந்த உராய்வில் உண்டாகும் சூடு, நூலையும் ரப்பரையும் பிரித்துவிடும். நாம் கண்ட கரிய பொடி, டயர் தன்னைத் தானே அரைத்துக்கொண்டதன் மிச்சம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஓர் ஆணித் துளையே தெரியும். ஒட்டினால் காற்றும் நிற்கும். சித்திரை வெயிலில், ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டியில், நெடுஞ்சாலை வேகத்தில்தான் அதன் உண்மை நிலை வெளிப்படும். குறைந்த காற்றோடு நெடுந்தூரம் ஓட்டுவதும் இதே கேட்டை மெள்ள மெள்ளச் செய்வது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு முறையாவது, சக்கரம் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சோதிப்பது நலம்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தான். இன்னொரு சக்கரம் கைவசம் இல்லாமல் அவ்வளவு தூரம் அவர்களை ஏற்றிச் செல்ல அவனுக்கே மனம் வரவில்லை. திருவண்ணாமலைக் குடும்பத்திற்குப் போன் செய்து, தன் நண்பன் ஒருவனுடைய காரை அனுப்பினான். அந்த நாளின் வருமானம் போயிற்று. புதிய டயர் வாங்க ஒரு வாரம் ஆயிற்று.

பட்டறையை விட்டுக் கிளம்புமுன் இன்னும் ஒரு காரியம் இருந்தது. கழற்றிய டயரைப் பழைய டயர் வாங்குகிறவர் ஒருவர் அப்போதே விலை கேட்டார். முழுதாகக் கொடுத்தால் ஒரு விலை. பக்கச்சுவரை அறுத்துக் கொடுத்தால் வெறும் ரப்பர் விலை, அதில் நாலில் ஒரு பங்கு கூடத் தேறாது. "மாமா, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இதுவும் எங்கேயாவது மின்னிக்கொண்டு நிற்குமோ?" என்று என்னைக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவனே மேஸ்திரியிடம் கத்தியை வாங்கி, டயரைக் காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பக்கச்சுவரை ஒரு முழ நீளத்திற்கு அறுத்துவிட்டான். அறுத்த இடத்தில் வெண்ணிற நூல் முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன.