ஒரு வரி போனதால் உரிமை போச்சு! கைகொடுத்தது காமிக்ஸ்!!

பேட்டை,
1972-ல் சிவகாசியில் இருந்து வெளிவந்த முத்து காமிக்சில் இரும்புக்கை மாயாவியைப் படித்து, "பையன் கெட்டுப் போயிட்டான்" என்று அப்பாவிடம் திட்டு வாங்கிய அண்ணாச்சிகள் பேட்டையிலும் உண்டு. அப்படிப்பட்ட வயதில் படித்த பேய்க் காமிக்சை மறக்காமல், உலகப் புகழ் பெற்ற டைரக்டர் ஆனவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ரொமேரோ.

2016-ல் வந்த "மிருதன்" படத்தில் மனிதர்கள் நடைப்பிணங்களாகிக் கடிக்க வருவார்களே, அந்தப் பாணியைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். விவரம் வருமாறு:-

ஆளுக்கு 600 டாலர்

1940-ல் நியூயார்க்கில் பிறந்த ரொமேரோ, பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படம் எடுத்து வந்தார். 10 பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஒரு படத்தைத் தொடங்கினார்கள். அதுதான் "நைட் ஆப் தி லிவிங் டெட்". கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் பாகை ஊற்றினார்கள்! 1968-ல் வெளியாகி சக்கைப்போடு போட்டது.

வினை வந்தது. வினியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய டைட்டிலோடு இருந்த காப்புரிமை வரியும் காணாமல் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லை என்றால் உரிமை இல்லை. கண்டவர்களும் பிரிண்டு போட்டு ஓட்டினார்கள். எடுத்தவர்களுக்குப் பட்டை நாமம்!

செனட் விசாரணை

ரொமேரோ சிறு வயதில் விரும்பிப் படித்தது "ஈ.சி." கம்பெனியின் பேய்க் காமிக்ஸ். பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1954-ல் செனட் கமிட்டியே விசாரணை நடத்தியது. காமிக்ஸ் முதலாளிகள் பயந்துபோய்த் தாங்களே கட்டுப்பாடு கொண்டுவர, அந்தப் புத்தகங்கள் நின்றன.

ரொமேரோ விடவில்லை. 1982-ல் ஸ்டீபன் கிங் எழுத, காமிக்ஸ் பக்கம் புரளுவது போலவே "கிரீப்ஷோ" படத்தை எடுத்தார். அது காமிக்ஸ் புத்தகமாகவும் வந்தது. ஓவியம் பெர்னி ரைட்சன்.

பேப்பரில் பிணங்கள்

பிறகு அவரே காமிக்ஸ் கதாசிரியர் ஆனார். 2004-ல் டி.சி. கம்பெனிக்கு "டோ டாக்ஸ்", 6 இதழ். 2014-ல் மார்வல் கம்பெனிக்கு "எம்பயர் ஆப் தி டெட்", 15 இதழ். நியூயார்க் நகரில் நடைப்பிணங்கள் ஒரு பக்கம், ரத்தக் காட்டேரிகள் மறுபக்கம்! சினிமாவில் இதை எடுக்கக் கோடி கோடியாய்க் கொட்ட வேண்டும். பேப்பரில் ஓவியர் கை போதும்.

2017-ல், 77-வது வயதில் ரொமேரோ காலமானார்.

பையன் காமிக்ஸ் படித்தால் பிடுங்கிக் கிழிக்காதீங்க, அண்ணாச்சி! ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் கடைசி வரி வரை படிச்சிருங்க.